பழைய கேம்பிங் டிரெய்லரின் ஓரப் பட்டையைக் கழற்றி மாட்டுவது எப்படி?

மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்திய பழைய டிரெய்லர். மூலையில் மழைநீர் இறங்குகிறது. பக்கத் தகடும் கூரையும் சேரும் இடத்துப் பட்டையைக் கழற்றித்தான் ஆகவேண்டும், ஆனால் பாதி ஸ்க்ரூ துருப்பிடித்துத் தலையே தேய்ந்துவிட்டது. நெம்பலாமா?

பதில்: நெம்பவே நெம்பாதீர்கள்! முதலில் ஸ்க்ரூக்களை மூடியிருக்கும் வினைல் நாடாவை உருவுங்கள். தேய்ந்த ஸ்க்ரூவின் தலையை மட்டும் டிரில் போட்டு எடுத்தால் பட்டை விடுபடும், மீதித் தண்டை அப்புறம் பிளையரால் திருகிக்கொள்ளலாம். ஹீட் கன்னால் லேசாகச் சூடு காட்டிப் பழைய புட்டியை இளக்கி, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரை நுழைத்துச் சாண் சாணாக நகருங்கள். நீளப் பட்டைக்கு இரண்டு பேர் வேண்டும். நான் தனியாக இறக்கப் போய் ஒன்றை மடக்கிவிட்டேன், தட்டி நிமிர்த்தியும் அந்த மடிப்பு போகவில்லை. எது எந்தப் பக்கம் என்று டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பதில்: திரும்ப மாட்டும்போது சிலிக்கான் மட்டும் வேண்டாம், அதன் மிச்சத்தின் மேல் வேறு எதுவும் ஒட்டாது. பியூட்டைல் டேப்பும் (நீர் புகாமல் அடைக்கும் பிசுபிசுப்பான ரப்பர் நாடா) ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் போடுங்கள். ஒரேயடியாக இறுக்காமல், சில நாள் வெயில் பட்டதும் மறுபடி இறுக்கி, பிதுங்கியதை வழித்தெடுங்கள். புது வினைல் சுருங்கும், முனையில் கொஞ்சம் கூடுதலாக விடுங்கள்.

கேட்டவர்: சரி, தொடங்கிவிட்டேன். மூன்றாவது ஸ்க்ரூவிலேயே உள்ளே மரம் ஈரமாக, மாவு மாதிரி உதிர்கிறது. பல்குச்சியும் மரப்பசையும் வைத்து ஓட்டையை அடைத்தால் போதுமா?

பதில்: நல்ல மரத்தில் ஓட்டை பெரிதாகியிருந்தால் போதும். உதிர்கிற மரத்தில் ஸ்க்ரூ நிற்காது. கெட்ட துண்டை வெட்டி மாற்றிவிட்டுப் பட்டைக்கு வாருங்கள்.