தாளவாடியில் கன்றைக் கொன்ற சிறுத்தை: பிடித்து வேறு காட்டில் விடலாமா?

கேள்வி (தாம்பரம்):
சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய தாளவாடியில் என் மாமா மாடு வளர்க்கிறார். நேற்றிரவு கொட்டகைக்குள் புகுந்த சிறுத்தை கன்றைக் கொன்றுவிட்டது. கழுத்துக் கயிறு அறாததால் உடலை அங்கேயே விட்டுப் போயிருக்கிறது. கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விட வேண்டும் என்கிறார்கள் ஊரார். உடலில் பூச்சிமருந்து தடவலாம் என்றும் சிலர் பேசினார்களாம். மாமாவுக்கு நான் என்ன சொல்வது?

பதில் 1 (வேளச்சேரி):
முதலில் அந்த மருந்துப் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். 2025 ஜூனில், உங்கள் மாமா ஊருக்கு அருகிலுள்ள கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலைக் காட்டில், நஞ்சு வைத்த பசுவின் உடலைத் தின்று ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் இறந்தன. அந்த இறைச்சியைத் தின்ன வரும் கழுகுகளுக்கும் அதே கதிதான்; மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறு கழுகுகளை நினைத்தால் மனம் பதைக்கிறது. உடலை அசைக்காமல் வனத்துறைக்குத் தகவல் கொடுத்து, அவர்கள் பார்வையிட்ட பிறகு இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கட்டும்.

பதில் 2 (கோடம்பாக்கம்):
இடம் மாற்றுவது தீர்வல்ல என்பதை மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதி காட்டிவிட்டது. அங்கே 2000-களின் தொடக்கத்தில் சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். விடப்பட்ட இடங்களுக்கு அருகே மனிதர்கள் மீதான தாக்குதல் கூடியதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பழகிய எல்லையை இழந்த விலங்கு அறியாத ஊர்களின் வழியே அலைகிறது. அது விட்டுப்போன இடத்துக்கோ வேறொரு சிறுத்தை வந்துவிடுகிறது. ஆட்களைத் தாக்கத் தொடங்கிய விலங்கின் நிலை வேறு, அதை வனத்துறை பிடித்தே ஆக வேண்டும். கன்றைக் கொன்றதற்காக மட்டும் கூண்டு வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பதில் 3 (பல்லாவரம்):
நான் வால்பாறையில் பிறந்தவள். அங்கே தேயிலைச் செடிகள் குடியிருப்பின் வாசல் வரை வளர்ந்திருக்கும். அந்தி சாய்ந்தால் அம்மா எங்களை வெளியே விடமாட்டார். கொட்டகையில் கதவைவிடக் கூரையைத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் சுவருக்கும் கூரைக்கும் நடுவே தலை நுழையும் அளவு சந்து இருந்தாலே சிறுத்தைக்குப் போதும். அதை வலைக்கம்பியால் இறுக அடைத்துவிடுங்கள். இறைச்சிக் கழிவைத் தெருவில் கொட்டினால் நாய்கள் சேரும், நாய்களைத் தேடிச் சிறுத்தை வரும். ஊரார் சேர்ந்து அதையும் நிறுத்த வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. வனத்துறைக்குத் தகவல் போய்விட்டது. அவர்கள் வரும்வரை உடலருகே மாமா காவலிருக்கிறார். கூரைச் சந்தை அளந்து சொல்லும்படி கேட்டிருக்கிறேன், வலைக்கம்பி வாங்கப் பணம் நான் அனுப்புகிறேன்.