ஒரே ஒரு 'டக்', அப்புறம் அமைதி: பழைய படகு எடுக்காமல் போன கதைகள்

பழையபடகன்:
என் படகு இன்போர்டு, அதாவது இன்ஜின் படகுக்கு உள்ளேயே இருப்பது. பெட்ரோல், வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பத்து முறை சாவியைத் திருப்பினால் எட்டு முறை சமர்த்தாக எடுக்கும். மீதி இரண்டு முறை 'டக்' என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். பேட்டரி, ஸ்டார்ட்டர், சாலினாய்டு (ஸ்டார்ட்டருக்குக் கரன்ட்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்), சாவி சுவிட்ச் என்று எல்லோரும் மாற்றுகிற வரிசையில் நானும் மாற்றி முடித்தேன். அதை விவரிக்க வேண்டியதில்லை. மூன்று வருடம் போனது.

சொல்ல வந்தது ஒரு சாயங்காலத்தை. பாறைத் திட்டுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டிருந்தோம். காற்று திசை மாறி நங்கூரம் இழுபட ஆரம்பித்தது. மச்சான் முன்னால் நின்று கயிற்றைப் பிடித்திருக்கிறான். சாவியைத் திருப்பினேன். டக். மறுபடியும் டக். ஏழெட்டு முறை. என் மகள் நிதானமாகச் சொன்னாள்: "அப்பா, பாறை பக்கத்துல வருது." பாறை வருகிறதாம்!

என்ன செய்வதென்று தெரியாமல் கீழே குனிந்து பேட்டரி கேபிளைத் தடவிக்கொண்டே போனேன். பேட்டரி சுவிட்ச், அந்த வட்டமான சிவப்புக் குமிழ், அதில் கை பட்டதும் இழுத்துக்கொண்டேன். சுட்டது. 1, 2, ஆஃப் என்று நாலைந்து தடவை முன்னும் பின்னும் முறுக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினேன், எடுத்துவிட்டது. வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால் பின்பக்கம் ஒரு ஸ்டட்டின் (கேபிளை மாட்டும் திருகுக் கம்பி) நட் லூஸ், லக் (கேபிள் முனையின் உலோக வளையம்) கறுத்திருக்கிறது, சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகியிருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் உள்ளதையும் அந்தப் பக்கம் உள்ளதையும் மாற்றியிருக்கிறேன், அதை மட்டும் தொடவில்லை. படகில் ஏறியதும் என் தொப்பியை மாட்டி வைக்கிற இடமே அந்தக் குமிழ்தான்.

இடதுகை:
என்னுடையது பாறை அளவுக்குப் போகவில்லை, மானம் மட்டும் போனது. நண்பர் ஒருவருக்குப் படகைக் கொடுத்திருந்தேன். அரை மணி நேரத்தில் போன். "செல்ஃப் எடுக்கவே மாட்டேங்குது, டக் சத்தம்கூட இல்லை." ஓடிப் போனேன். நான் உட்கார்ந்து சாவியைத் திருப்பியதும் முதல் தடவையிலேயே எடுத்தது. அணைத்துவிட்டு அவர் திருப்பினால் இல்லை. நான் திருப்பினால் எடுக்கிறது. மூன்று முறை இப்படி. அவர் முகம் சிவந்துவிட்டது, தன்னைக் கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பார். நாலாவது முறைதான் என் இடது கையைக் கவனித்தேன். வலது கை சாவியைத் திருப்பும்போது இடது கை கியர் லீவரை லேசாக முன்னே தள்ளிப் பிடித்திருந்தது! எத்தனை மாதமாக அப்படிச் செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. கியர் நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட்டருக்கு வழிவிடும் நியூட்ரல் சுவிட்ச் விலகியிருந்தது. கை கற்றுக்கொண்டுவிட்டது, தலைக்குச் சொல்லவில்லை.

மீட்டர்பித்தன்:
முதல் பதிவு போட்ட அண்ணன் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று வருடம் பொருளை மாற்றியதற்குப் பதில் மூன்று நிமிடம் மல்டிமீட்டரைப் பிடித்திருக்கலாம். எனக்கும் இதே வியாதி வந்தது, இன்ஜின் பிளாக்கில் எர்த் கேபிள் உட்காரும் இடத்தில் பெயின்ட். கதை அவ்வளவுதான்.

ஆனால் இதைப் பொறுமையாகப் படியுங்கள். பேட்டரி மேல் மீட்டரை வைத்து 12.6 வோல்ட் காட்டுகிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது என்று மூடிவிடுகிறார்கள். சும்மா இருக்கும்போது காட்டும் அளவால் சார்ஜ் எவ்வளவு என்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பி வழியாகவும் மீட்டர் 12 காட்டும், ஏனென்றால் மீட்டர் கரன்ட் இழுப்பதில்லை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது அளக்க வேண்டும். அப்போது பேட்டரி கம்பத்திலேயே (கேபிள் மாட்டும் ஈய முனை) 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். அங்கே நன்றாக நின்றால் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவ் கம்பத்தின் மேல் வையுங்கள். லக்கின் மேல் இல்லை, கம்பத்தின் மேல். இன்னொரு முனையை ஸ்டார்ட்டரின் பெரிய ஸ்டட்டில் வையுங்கள். வேறொருவர் சாவியைத் திருப்பட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ அடைப்பு. பிறகு ஒவ்வொரு இணைப்பாகத் தாண்டி அளந்துகொண்டே வந்தால் திருடன் அகப்படுவான். எர்த் பக்கமும் இப்படியே, பேட்டரி நெகட்டிவிலிருந்து ஸ்டார்ட்டர் உடம்புக்கு.

சுட்டதற்குக் காரணமும் இதில் இருக்கிறது. ஓர் இணைப்பில் ஓமில் நூற்றில் ஒரு பங்கு, 0.01 ஓம், தடை இருக்கிறது என்று வையுங்கள். 200 ஆம்பியர் போனால் 2 வோல்ட் அங்கேயே போய்விடும், 400 வாட் சூடாகும். ஒரு லூஸ் நட்டுக்கடியில் 400 வாட்! உங்கள் ஸ்டட்டில் அதைவிடப் பல மடங்கு தடை இருந்திருக்கும். சாலினாய்டு இழுக்கக் கொஞ்சம் கரன்ட் போதும், அதனால் 'டக்' கேட்டது. அடுத்த நொடி மோட்டார் கேட்ட கரன்ட் வந்து சேரவில்லை.

துருவன்:
மீட்டர் நண்பரே, நீங்கள் சொன்ன கணக்கு சரி. ஆனால் மீட்டரை எடுத்தால் இந்த வியாதி ஒளிந்துகொள்ளும், அதுதானே இதன் குணமே? நான் மீட்டரும் கையுமாக இரண்டு வாரம் உட்கார்ந்தேன், ஒரு தடவைகூடச் சண்டித்தனம் செய்யவில்லை. எனக்கு அகப்பட்டது வேறு விதம். டாஷிலிருந்து இன்ஜினுக்கு வரும் வயர்க் கட்டின் நடுவில் வட்டமாக ஒரு பிளக் இருக்குமே, அதைச் சாவியைப் பிடித்தபடியே ஒருவர் ஆட்டச் சொன்னேன். எடுத்தது, நின்றது, எடுத்தது. கழற்றினால் ஒரு முள் முழுக்கக் களிம்பு. அதிலிருந்து கிளம்பும் மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட வயரை, ஸ்டார்ட் வயர் அதுதான், ஒரு சாண் நீளம் உரித்தேன். செம்பே இல்லை. கறுப்புப் பொடி கொட்டியது. வெள்ளீயம் பூசாத செம்புக் கம்பி உப்புக்காற்றில் இப்படித்தான் உள்ளுக்குள் செத்துப்போகும், வெளியில் தோல் பளபளவென்று இருக்கும்.

கரைக்காவலன்:
மேலே எல்லோரும் மீட்டர், வயர் என்கிறீர்கள். நான் ஸ்க்ரூடிரைவர் ஆள். சாலினாய்டின் இரண்டு ஸ்டட்டையும் குறுக்கே தொட்டால் ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் எடுக்கும். வருடக்கணக்கில் செய்தேன். ஒரு நாள் படகைக் கட்டிவிட்டு அப்படித் தொட்டபோது கியர் முன்னே இருந்தது. இப்படித் தொட்டால் நியூட்ரல் சுவிட்சுக்கு வேலையே இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை. படகு பாய்ந்தது, கயிறு விறைத்தது, கயிறு கட்டியிருந்த கிளீட் பலகையோடு பிய்ந்து என் காதோரமாகப் பறந்தது. இன்னும் அந்த 'விர்' கேட்கிறது. நான் இன்ஜின் அறைக்குள் குனிந்திருந்ததால் தப்பித்தேன்.

நீலம்:
ஸ்க்ரூடிரைவரைப் பெட்ரோல் படகில் தொட்டீர்களா? கிளீட்டை விடுங்கள், அந்தப் பொறியை நினையுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், பில்ஜில்தான், படகின் அடிவயிற்றில், போய்ப் படுக்கும். நாலு நிமிடமாவது அதை வெளியேற்றும் விசிறியை, புளோவரை, ஓடவிட்டு, மோந்து பார்த்த பிறகுதான் நான் சாவியையே தொடுவேன்.

கரைக்காவலன்:
டீசல், நண்பரே.

நீலம்:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். சரி, பெட்ரோல் வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: கார் ஸ்டார்ட்டர் அச்சு அசலாகப் பொருந்துகிறது என்று வாங்கி மாட்டாதீர்கள். படகுக்கானதில் உள்ளே வரும் பொறி வெளியே போகாதபடி அடைத்திருப்பார்கள், காரில் அது கிடையாது. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கும் இதுவே. அப்புறம் முதல் பதிவுக்காரர் அந்தக் குமிழை முறுக்கியது இன்ஜின் நின்றிருந்தபோது, அதனால் பரவாயில்லை. இன்ஜின் ஓடும்போது ஆஃப் பக்கம் போனால் ஆல்டர்னேட்டர் டையோடு போய்விடக்கூடும். பேட்டரி மேல் கையால் முறுக்கும் சிறகு நட் இருந்தால் இன்றைக்கே கழற்றிவிட்டு ஸ்பேனர் போடும் நட் மாட்டுங்கள், அலை ஆட்டத்தில் அது தானே கழன்றுகொள்ளும். கேட்காமலே சொல்கிறேன் என்று தெரியும். எனக்குக் கதை எதுவும் இல்லை, என் படகு எடுக்கிறது.

தண்ணீர்ப்பாம்பு:
எல்லா 'டக்'கும் கரன்ட் இல்லை. இன்ஜின் எடுக்கவில்லை என்று விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தேன். எடுக்காத இன்ஜினிலும் பம்ப் கடல்நீரை இழுக்கும், அதை வெளியே தள்ளப் புகை இல்லை, புகைக்குழாயில் உள்ள மஃப்ளர் நிரம்பித் தண்ணீர் திரும்பி சிலிண்டருக்குள் வந்துவிட்டது. அப்புறம் சாவியைத் திருப்பினால் 'தொம்', சுவரில் மோதியது போல. பேட்டரி போச்சு என்று புதுசு வாங்கி மாட்டி மறுபடியும் தொம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றினோம், மூஞ்சியில் ஊற்று மாதிரி அடித்தது. உப்புத் தண்ணீர். அந்த ருசி மறக்காது. நீண்ட நேரம் சுற்ற வேண்டியிருந்தால் கடல்நீர் வால்வை மூடிக்கொள்ளுங்கள், எடுத்த உடனே திறக்க மறக்காதீர்கள். ஸ்டார்ட்டருக்கும் பத்து நொடிக்கு மேல் ஒரே பிடியாகக் கொடுக்காதீர்கள்.

மீட்டர்பித்தன்:
துருவன் சொன்னதற்கு: ஒளிந்துகொள்கிறது என்றால் மீட்டரை நீளமான வயரில் நிரந்தரமாக மாட்டி வையுங்கள். ஓட்டும் இடத்தில் கண்ணெதிரே இருக்கட்டும். எப்போது மக்கர் செய்கிறதோ அப்போது படியுங்கள். நான் அப்படித்தான்...

துருவன்:
பெயின்ட் என்று சொன்னீர்களே, அதைக் கண்டுபிடித்தது மீட்டரா கண்ணா?

மீட்டர்பித்தன்:
கண்.

பழையபடகன்:
நேற்று இரவு மீட்டர் நண்பர் சொன்னபடியே அளந்தேன், மச்சான் சாவி பிடித்தான். புது சுவிட்ச், புது லக், பேட்டரி கம்பத்திலிருந்து ஸ்டார்ட்டர் வரை 0.2 வோல்ட். எர்த் பக்கம் 0.4, அது கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன், இந்த வாரம் பிளாக்கைச் சுரண்டிப் பார்க்க வேண்டும், பெயின்டாகக்கூட இருக்கலாம். இடதுகை நண்பர் சொன்னதைப் படித்ததும் நானும் என் இடது கையைக் கவனித்தேன், சும்மாதான் இருக்கிறது. மச்சானுக்கு எண்ணில் நம்பிக்கை இல்லை, ஏறியதும் துடுப்பு இருக்கிறதா என்று பார்க்கிறான். தொப்பிக்கு வேறு ஆணி அடித்தாயிற்று.