குளிர்ல கார் ஸ்டார்ட் ஆக திணறுதா? பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

கேள்வி: பிராம்ப்டன்ல இருக்கோம், கனடாவுல முதல் விண்டர். கார் 2012 கொரோலா. ராத்திரி மைனஸ் 15 போச்சுன்னா காலையில இழுத்து இழுத்துதான் ஸ்டார்ட் ஆகுது. மதியம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் (இன்ஜினை முதல்ல சுத்திவிடுற மோட்டார்) மாத்தணும்னு மெக்கானிக் சொல்றார். மாத்திடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். காலையில மட்டும் திணறுதுன்னா முதல் சந்தேகம் பேட்டரி மேலதான் வரணும். மைனஸ் 18 டிகிரியில ஒரு நல்ல பேட்டரியே தன் பலத்துல ஏறக்குறைய பாதியைத்தான் தரும். அதே குளிர்ல இன்ஜின் ஆயில் கெட்டியாகிடுறதால சுத்துறதுக்கு வழக்கத்தைவிட அதிக பலம் வேணும். பேட்டரியை உள்ளுக்குள்ள கெடுக்கிறது பெரும்பாலும் கோடை வெயில். அது வெளியில தெரியுறது முதல் பனியில. இங்கே 3 முதல் 5 வருஷம் ஓடினாலே பெரிசு.

சாவி போட்டதும் என்ன சத்தம் வருதுன்னு கவனிங்க. "உர்ர்... உர்ர்..."னு சோம்பலா சுத்தினா பேட்டரி, டெர்மினல் (பேட்டரியில கேபிள் மாட்டுற முனை), இல்லை கெட்டி ஆயில். "டிக்டிக்டிக்"னு வேகமா அடிச்சா பேட்டரி காலி, இல்லை டெர்மினல் லூஸ். ஹெட்லைட் மங்காம இருக்க, ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டு நின்னாதான் ஸ்டார்ட்டரைச் சந்தேகப்படணும். நல்லா வேகமா சுத்தியும் இன்ஜின் பிடிக்கலைன்னா அது பெட்ரோல், ஸ்பார்க் பக்கத்துக் கோளாறு.

அடுத்து வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க, சாதாரணமானதே போதும். ராத்திரி முழுக்க நின்ன காரோட பேட்டரியில அளக்கணும். 12.6 வோல்ட்னா முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி, 12-க்குக் கீழே போனா காலின்னே வெச்சுக்கலாம். ஒருத்தரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு மீட்டரையே பாருங்க. சுத்தும்போது 9.6-க்குக் கீழே விழுந்தா பேட்டரிக்குத் தெம்பு இல்லை (கடுங்குளிர்ல கொஞ்சம் கூடுதலாவே விழும்). வண்டி ஓடும்போது 13.7 முதல் 14.7 வரை காட்டணும். காட்டலைன்னா ஆல்டர்னேட்டர் (வண்டி ஓடும்போது பேட்டரியை நிரப்புற ஜெனரேட்டர்) சார்ஜ் பண்ணலைன்னு அர்த்தம், புது பேட்டரி போட்டாலும் அதுவும் காலியாகும்.

பேட்டரி மேல பழி போடுறதுக்கு முன்னாடி டெர்மினலைப் பாருங்க. வெள்ளையாவோ பச்சையாவோ பொடி பூத்திருந்தா அதுவே கரண்டைத் தடுக்கும். உங்க கொரோலாவுக்கு 10 எம்எம் ஸ்பேனர் போதும். முதல்ல மைனஸைக் கழட்டுங்க. பிளஸ்ல கை வெச்சிருக்கும்போது மைனஸ் இன்னும் மாட்டியிருந்தா, ஸ்பேனர் பாடியில பட்ட நொடியே ஷார்ட் ஆகும். ஒரு கப் வெந்நீர்ல ஒரு மேஜைக்கரண்டி பேக்கிங் சோடா கரைச்சு, பழைய டூத்பிரஷ்ல தேய்ங்க. நுரை அடங்கினதும் தண்ணி விட்டுக் கழுவி, துணியால நல்லா துடைச்சிடுங்க. மாட்டும்போது பிளஸ் முதல்ல, மைனஸ் கடைசி. கையால திருகிப் பாத்தா கிளாம்ப் துளிகூட அசையக்கூடாது. மேல லேசா வாஸ்லின் தடவி விடுங்க.

இந்த ஊர்ல பலரும் விட்டுடுறது எர்த் கேபிள், அதாவது பேட்டரி மைனஸை இன்ஜின், பாடியோட இணைக்கிற கேபிள். ரோட்டுல கொட்டுற உப்பு அதை அரிச்சிடும். மீட்டரோட ஒரு முனையை பேட்டரி மைனஸ்லயும், மறு முனையை இன்ஜினோட வெறும் இரும்புலயும் வெச்சு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா அந்த வழியில தடை இருக்கு. கேபிள் விலை கம்மி. அதைப் பாக்காம ஸ்டார்ட்டர் மாத்தினா காசு வீண்.

பூஸ்ட் (அடுத்த கார் பேட்டரியில இருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்றது) கொடுக்கிற வரிசை: சிவப்பு உங்க பிளஸ்ல, மறுமுனை அடுத்த கார் பிளஸ்ல. கறுப்பு அவங்க மைனஸ்ல, கடைசி முனை உங்க இன்ஜின்ல பெயின்ட் இல்லாத இரும்புல, பேட்டரியை விட்டுத் தள்ளி. கழட்டுறது தலைகீழ் வரிசை. காலியான பேட்டரி மைனஸ் 10 பக்கத்துலயே உறைஞ்சிடும். பக்கம் உப்பியிருந்தா பூஸ்ட் கொடுக்கவே கொடுக்காதீங்க, வெடிக்கலாம்.

இன்னொரு பதில்: நல்லா சுத்தியும் பிடிக்காதவங்களுக்கு. சாவியை ஆன்ல 3 விநாடி வெச்சு ஆஃப் பண்ணுங்க, ரெண்டு தடவை. அப்புறம் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. சாவி ஆன்ல இருக்கும்போதே பெட்ரோல் பம்ப் ஓடுற வண்டி இப்படி உடனே பிடிச்சா, ராத்திரியில பெட்ரோல் பிரஷர் இறங்கிடுதுன்னு சந்தேகப்படலாம். கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் கெட்டாலும் இதே தொல்லைதான்: இன்ஜின் சூடா இருக்குன்னு கம்ப்யூட்டர் நம்பி, குளிருக்குத் தேவையான கூடுதல் பெட்ரோலைக் கொடுக்காது. ஓ.பி.டி. ஸ்கேனர்ல (கார் கம்ப்யூட்டர்ல மாட்டிப் படிக்கிற கருவி) ராத்திரி நின்ன வண்டியோட கூலன்ட் சூட்டைப் பாருங்க, வெளிக்குளிரை ஒட்டியே இருக்கணும்.

பனி அள்ளுறதுக்காக காரை ரெண்டடி நகர்த்திட்டு உடனே ஆஃப் பண்ணாதீங்க. பெட்ரோல்ல ஸ்பார்க் பிளக் நனைஞ்சு ஃப்ளட் ஆகும். ஆயிட்டா ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டே சுத்துங்க, பெரும்பாலான வண்டிகள்ல அப்போ பெட்ரோல் வர்றது நிக்கும். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல சுத்தாம, நடுவுல ஒரு நிமிஷம் விடுங்க. இல்லைன்னா ஸ்டார்ட்டர் சூடேறிக் கெடும்.

எட்மன்டன், வின்னிபெக் பக்கம் போறவங்களுக்கு: பிளாக் ஹீட்டர் (வீட்டுக் கரண்ட்ல இன்ஜினைச் சூடாக்குறது) கட்டாயம் வேணும். கிளம்ப 3, 4 மணி நேரத்துக்கு முன்னாடி ஆன் ஆகுற மாதிரி டைமர் வைங்க. ராத்திரி முழுக்க ஓடினா கரண்ட் பில்தான் ஏறும். ஆயில் மேனுவல்ல சொன்னதையே ஊத்துங்க, உங்க கொரோலாவுக்கு 0டபிள்யூ-20. ஊர்ல பழகின 15டபிள்யூ-40 இங்கே காலையில தார் மாதிரி நிக்கும்.

கேள்வி கேட்டவர்: 12.1 காட்டுது அண்ணா. பேட்டரி ஸ்டிக்கர்ல 2019-னு இருக்கு.

பதில்: சார்ஜர்ல ராத்திரி முழுக்கப் போடுங்க, அரை மணி நேரம் ஓட்டினா நிறையாது. எடுத்து சில மணி நேரம் கழிச்சு அளந்து, கடையில லோட் டெஸ்ட் (சுமை கொடுத்து பேட்டரி தாங்குதான்னு பாக்கிறது) பண்ணச் சொல்லுங்க. தேறலைன்னா மாத்திடுங்க தம்பி. பழைய பேட்டரியில இருக்கிற சைஸ் நம்பரும், அதுக்குக் குறையாத சி.சி.ஏ.வும் (கோல்டு கிராங்கிங் ஆம்ப்ஸ்) பாத்து வாங்குங்க. மைனஸ் 18-ல எவ்வளவு ஆம்பியர் தரும்ங்கிறதுதான் அந்த எண். பழசைத் திருப்பிக் கொடுத்தா கோர் டெபாசிட் (பழைய பேட்டரிக்காகப் பிடிச்சு வெச்ச பணம்) திரும்பக் கிடைக்கும். டெஸ்ட்ல தேறியும் மறுபடி இறங்கினா ஏதோ ஒண்ணு கரண்டைக் குடிக்குது. எல்லாம் ஆஃப் பண்ணின வண்டியில 50 மில்லி ஆம்பியருக்கு மேல போகக்கூடாது. டேஷ்கேம் வயர் இருந்தா முதல்ல அதைக் கழட்டிட்டு அளங்க.