இருநிலைக் குளிர்விப்பு வளையம்: பம்ப் கடகடக்கிறது, அவசரம்!

சூடான_மாணவன்: செயற்கைக்கோளுக்கான மாதிரி வளையம் செய்கிறோம்: பம்ப் தள்ளும் திரவம் ஹீட்டரில் கொதித்து ஆவியாகி, குளிர்ந்து திரவமாகித் திரும்பும். ஹீட்டரைக் கூட்டினால் பம்ப் கடகடக்கிறது, ஓட்டம் ஏறி இறங்குகிறது. எடையின்மையில் இன்னும் மோசமாகுமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

குமிழி: என்ன திரவம்? குழாய் விட்டம்? வளையத்தின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கலன், அதாவது அக்குமுலேட்டர், எங்கே?

பழைய_பம்ப்: எதுவானால் என்ன, பம்புக்குள் ஆவி போகிறது. கேவிடேஷன்தான், உள்ளே ஆவிக் குமிழிகள் தோன்றி உடைகின்றன.

சூடான_மாணவன்: ஆர்134ஏ என்ற குளிர்பதனத் திரவம், 4 மிமீ, கிடைமட்டம். குழாய் சின்னது, அதனால் புவியீர்ப்பு ஒரு பொருட்டே இல்லை.

வளையவாசி: அடிப்படையைப் படிக்காமலே விண்கலத்தைக் குளிர்விக்கக் கிளம்பிவிடுகிறார்கள். பரப்பு இழுவிசையும் புவியீர்ப்பும் ஏறத்தாழச் சமமாகும் அளவுதான் நுண்புழை நீளம்; அதைவிடக் குழாய் நன்கு பெரிதானால் புவியீர்ப்பு முந்தும். ஆர்134ஏவுக்கு அது அறை வெப்பநிலையில் 1 மிமீகூட இல்லை. மெதுவாக ஓடினால் 4 மிமீயில் திரவம் அடியிலும் ஆவி மேலேயும் பிரிந்துவிடும். எடையின்மையில் அப்படிப் பிரியாது: குமிழிகளாக ஓடும், அல்லது திரவம் சுவரில் ஒட்ட ஆவி நடுவில் ஓடும்.

குமிழி: விஷயம் சரி, குத்தல் எதற்கு? தம்பி, அதே வளையத்தைக் கிடையாக, மேல்நோக்கி, கீழ்நோக்கி என்று மூன்று விதமாகவும் ஓட்டிப் பாருங்கள். வேகம் கூடக்கூட முடிவுகள் நெருங்கி வரும். எந்த வேகத்தில் ஒத்துப்போகிறதோ அதற்கு மேல்தான் தரைச் சோதனையை நம்பலாம். அதற்குக் கீழே ஆபத்து: மேலே தூக்க மிதப்பு விசை இல்லாததால் ஆவி ஹீட்டர் சுவரிலேயே தங்கி, சுவர் காய்ந்துவிடும். ஓட்டம் ஊசலாடுவதற்கு, ஹீட்டருக்கு முன்னால் உள்ள வால்வைச் சற்று இறுக்குங்கள்.

விக்_பிரியன்: பம்பே வேண்டாம். லூப் ஹீட் பைப் போடுங்கள், அதன் நுண்துளைத் திரியில் உண்டாகும் நுண்புழை அழுத்தமே திரவத்தை இழுத்துக்கொள்ளும்.

பழைய_பம்ப்: பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் வெளிச்சுற்றில் அம்மோனியா திரவமாகவே ஓடுகிறது. கொதிக்க விடுவதே இல்லை. ஏன்? பயம்!

குமிழி: அங்கேயே ஏஎம்எஸ்-02 என்ற அண்டக்கதிர்த் துகள் ஆய்வுக் கருவி இருக்கிறதே, 2011-இல் போனது. அதில் துகள்களின் பாதையைப் பதியும் டிராக்கரைக் குளிர்விப்பது பம்ப் செய்யப்படும் இருநிலை கார்பன் டை ஆக்சைடு.

பழைய_பம்ப்: அந்தப் பம்புகள் பழுதாகி விண்நடை போய்ச் சரிசெய்தார்களே!

வளையவாசி: 2019-20-இல் பொருத்திய புதிய தொகுதியும் அதே இருநிலை கார்பன் டை ஆக்சைடுதான். மாற்றியது பம்பை, முறையை அல்ல.

பழைய_பம்ப்: பம்ப் பழுதானால் முறை மட்டும் தனியாகக் குளிர்விக்குமா?

விக்_பிரியன்: அதனால்தான் லூப் ஹீட் பைப் என்கிறேன்.

சூடான_மாணவன்: பம்புக்கு முன்னால் திரவத்தை இன்னும் குளிர்வித்தோம். சத்தம் நின்றது. நன்றி அண்ணா.

குமிழி: சரி, ஓட்டம் ஏறி இறங்குவது நின்றதா? அக்குமுலேட்டர் எங்கே என்று இன்னும் சொல்லவில்லையே?