கவுண்டர் யார் பொறுப்பு? கர்னலா, நிரலா?

மரபிலி: நாங்கள் மூன்று பேர் எழுதும் சிறிய கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வன்பொருள் கவுண்டர்களுக்கு, அதாவது சிப்புக்குள் நடப்பவற்றை எண்ணும் ரெஜிஸ்டர்களுக்கு, வழி செய்யப் பார்க்கிறோம். கர்னல் இதில் ஒதுங்கியே இருக்கட்டும் என்பது என் கட்சி. சிப்பின் சிஆர்4 கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் அனுமதி தரும் பிசிஇ பிட்டை ஏற்றிவிட்டால் ஆர்டிபிஎம்சி என்ற சிப் கட்டளையால் நிரலே கவுண்டரைப் படித்துக்கொள்ளும். எந்த இவென்ட்டை (நிகழ்வை) எண்ணுவது என்று எழுத மட்டும் கர்னலைக் கூப்பிடும் ஒரு சிஸ்டம் கால். 2009இல் லினக்ஸ் 2.6.31 கொண்டுவந்த பெர்ஃப் போன்ற பெரிய கட்டமைப்பு எங்களுக்கு எதற்கு?

நூலிழை: நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு சின்ன லூப்பின் கேஷ் மிஸ்ஸை (தேடிய தரவு கேஷில் இல்லாமல் போவதை) அளந்தேன். பெரும்பாலும் ஒழுங்கான எண்தான் வந்தது, திடீரென்று ஒருமுறை மைனஸில் வந்தது. என்னடா என்று பார்த்தால், ஆரம்ப மதிப்பைக் கோர் 2இல் படித்த த்ரெட்டை (நிரலின் ஓட்டத்தை), யார் எங்கே ஓடுவது என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் நடுவில் கோர் 5க்கு மாற்றியிருக்கிறது. கடைசி மதிப்பு அந்தக் கோரின் கவுண்டரிலிருந்து வந்தது. மைனஸில் வந்ததால் பிடிபட்டது. பிளஸ்ஸில் வந்திருந்தால் அப்படியே நம்பியிருப்பேன்.

மரபிலி: த்ரெட்டை ஒரே கோரோடு கட்டிப்போட்டால் தீர்ந்தது. கர்னலில் வரி கூடக் கூட ஓட்டையும் கூடும். சிவிஇ-2013-2094 என்று பதிவான பாதுகாப்பு ஓட்டை நினைவிருக்கிறதா? பெர்ஃபில் 64 பிட் இவென்ட் எண்ணை இன்ட்டில் போட்டு மேல் எல்லையை மட்டும் சோதித்தார்கள். மைனஸ் எண் உள்ளே நுழைந்தது, சாதாரணப் பயனர் முழு அதிகாரமுள்ள ரூட் ஆக வழி கிடைத்தது.

நூலிழை: ஓட்டை உண்மைதான். ஆனால் கட்டிப்போட்டால் இடமாற்றம்தான் நிற்கும். அதே கோரில் நடுவே ஓடும் மற்ற த்ரெட்டின் மிஸ்ஸும் உங்கள் கணக்கில்தானே ஏறும்? ஒரு த்ரெட்டை நிறுத்தி வேறொன்றை ஓட்டும் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் ஆகும்போது கவுண்டரைச் சேமித்து, திரும்பி வரும்போது மீட்க வேண்டும். அது எப்போது நடக்கிறது என்று கர்னலுக்கு மட்டுமே தெரியும். அடுத்தவன் நிரல் என்ன செய்கிறது என்பதைக் கவுண்டர் வழியாக மோப்பம் பிடிக்கலாம் என்பது வேறு.

ஓரக்கண்: குறுக்கே வருகிறேன். இன்டெலின் சாண்டி பிரிட்ஜில் ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோர் இரண்டு த்ரெட்டை ஒரே நேரத்தில் ஓட்டுவது) ஓடும்போது ஒரு த்ரெட்டுக்கு எந்த இவென்ட்டையும் எண்ணும் பொதுக் கவுண்டர் நான்கு, குறிப்பிட்ட இவென்ட்டை மட்டும் எண்ணும் நிலையான கவுண்டர் மூன்று, அவ்வளவுதான். ஐந்தாவது இவென்ட் கேட்டால்? லினக்ஸ் மாற்றி மாற்றி ஓட்டி, ஓடிய நேரத்தின் விகிதத்தால் பெருக்கித் தருகிறது.

மரபிலி: அதற்குப் பெயர் அளவீடு இல்லை, ஊகம். எங்கள் கர்னலில் கவுண்டர் தீர்ந்தால் பிழை திரும்பும்.

நூலிழை: இதில் நான் உங்கள் பக்கம். சரி, சாம்ப்ளிங், அதாவது நிரல் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவ்வப்போது குறித்துக்கொள்வது, எப்படிச் செய்கிறீர்கள்?

மரபிலி: கவுண்டர் நிரம்பினால் சாதாரண இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் சைகை). அதில் ஒரு விசித்திரம். பாதி சாம்பிள் ஸ்பின்லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டை) விடும் ஒரே இடத்தில் குவிகிறது. அந்தக் கட்டளை அவ்வளவு நேரம் எடுக்க வாய்ப்பே இல்லை.

நூலிழை: அந்தக் கட்டளை அப்பாவி! லாக்கைப் பிடித்திருக்கும் வரை இன்டரப்ட்டை அணைத்து வைத்திருக்கிறீர்கள். உள்ளே நிரம்பிய கவுண்டர் வாசலில் காத்திருந்து, இன்டரப்ட் திறந்ததும் அங்கே விழுகிறது. உண்மையில் நேரம் தின்றது லாக்குக்குள் இருக்கும் கோட். அணைக்க முடியாத இன்டரப்ட்டான என்எம்ஐக்கு மாற்றுங்கள். அப்புறம், அதைக் கையாளும் கோடான ஹேண்ட்லருக்குள் தவறியும் லாக் எடுக்காதீர்கள். ஏற்கெனவே அதே லாக்கைப் பிடித்திருக்கும் கோட் மேலேயே வந்து விழுந்தால் மெஷின் அங்கேயே உறைந்துவிடும்.

மரபிலி: மாற்றிப் பார்த்தேன். குவியல் கலைந்தது, லாக்குக்குள் ஒரு பட்டியலைத் தேடும் லூப் மேலே வந்துவிட்டது. சரி, சேமிப்பும் மீட்பும் என்எம்ஐயும் கர்னலில் இருக்கட்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவென்ட் பெயர்ப் பட்டியல் உள்ளே வராது. ஒவ்வொரு சிப்புக்கும் "கேஷ் மிஸ்" ஒவ்வொரு அர்த்தம், அதைக் கர்னல் ஒரே பெயரில் விற்பது ஏமாற்று. எண்ணை அப்படியே வாங்கி ரெஜிஸ்டரில் எழுதிவிடுவேன்.

நூலிழை: பெயர் வேண்டாம், சரி. அந்த "அப்படியே"தான் உதைக்கிறது. அந்த எண்ணில் 17ஆம் பிட்டை ஏற்றி அனுப்பினால் கர்னல் பயன்முறையும் சேர்ந்து எண்ணப்படும். 21ஐ ஆதரிக்கும் சிப்பில் பக்கத்து ஹைப்பர்த்ரெட்டின் வேலையும் தெரியும். 20 நிரம்பும்போது இன்டரப்ட் கிளப்பும், நீங்கள் சாம்ப்ளிங் கேட்காதபோதும். இவென்ட், அதன் உட்பிரிவைக் குறிக்கும் யூனிட் மாஸ்க் ஆகிய கீழ் 16 பிட்டை மட்டும் பயனரிடம் வாங்குங்கள், மிச்சத்தைக் கர்னலே நிரப்பட்டும்.

மரபிலி: 21ஐ நான் யோசிக்கவே இல்லை. பேட்சைத் திருத்திப் போடுகிறேன்.