அக்காவுக்குச் செய்த பெட்டி பிளந்த கதை

கொட்டகலைக்காரன்:
அக்கா கல்யாணத்துக்கு நகைப்பெட்டி ஒன்று கையாலேயே செய்து கொடுத்தேன். மூன்றாவது மாதம் மூடி பிளந்துவிட்டது. "ராத்திரி டக்கென்று சத்தம், எலி என்று நினைத்தேன்டா" என்று அக்கா போன் எடுத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் நிழலுக்கு நின்ற சவுக்கு, அதாவது சில்வர் ஓக் மரம் ஒன்றை வெட்டிப் போட்டிருந்தார்கள். விறகுக்குப் போக இருந்த கட்டையைக் கேட்டு வாங்கி மரம் அறுக்கிற மரக்காலையில் அரை அங்குலப் பலகையாக அறுத்தேன். சவுக்கை நடுவிலிருந்து வெளியே வண்டிச் சக்கரத்து ஆரக்கால்போல அறுத்தால் பலகை முழுக்க மீன் செதில் மாதிரி மினுக்கம் தெரியும், வெளிச்சத்தில் சாய்த்தால் செதில் நகரும், மற்றப்படி அறுத்தால் அந்த அளவுக்கு வராது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் காயவிடப் பொறுமை இல்லாமல் போய்விட்டது. அறுத்தது ஆடியில், கல்யாணம் ஆவணியில். ஆடி மழையில் எங்கள் லயத்து வீட்டில் துணியே காயாது, பலகை எங்கே காயும்? அடுப்புக்கு மேலே பரணில் பத்து நாள் போட்டுவிட்டு, காய்ந்தது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

சாண்ட் பேப்பர் போட்ட இரண்டாம் நாள் இரண்டு கையிலும் அரிப்பு, தடிப்பு. அம்மா கண்ணூறு என்றார். சவுக்குத் தூள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது பிறகுதான் தெரிந்தது, செய்கிறவர்கள் முழுக்கைச் சட்டை போடுங்கள், மூக்கிலும் துணி கட்டுங்கள். மூடி வளையக் கூடாது என்று உள்பக்கம் குறுக்கே இரண்டு சட்டம் வைத்துப் பசையும் ஆணியும் போட்டு இறுக்கியிருந்தேன். அக்கா இப்போது கொழும்பில், ஏசி அறையில்தான் பெட்டி இருந்தது. எங்கே பிழை விட்டேன்?

பாஸ் மகன், பண்டாரவளை:
தம்பி, காயாத பலகையின் ஈரம் ஏசி அறையில் வற்றியது பாதிக் காரணம், அந்தச் சட்டம் மீதி. மரம் நீளவாக்கில் சுருங்குவது தெரியவே தெரியாது, அகலவாக்கில்தான் சுருங்கும். நீங்கள் குறுக்கே இறுக்கிப் பிடித்துவிட்டீர்கள், அது சுருங்க வழி இல்லாமல் பிளந்தது. நடுவில் ஒரு ஸ்க்ரூ மட்டும் இறுக்கமாக இருக்கட்டும். ஓரத்துத் துளைகளைச் சட்டத்தின் நீளவாக்கில் கொஞ்சம் இழுத்துப் பெரிதாக்குங்கள், அங்கே பசையே வேண்டாம். அடித்தட்டையும் பக்கப் பலகைகளில் காடி (நீளப் பள்ளம்) போட்டு நுழைத்து விடுங்கள், ஒட்டாதீர்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் காயவேண்டும் என்பது அப்பா கணக்கு. உங்கள் அரை அங்குலத்துக்கே ஆறு மாதம் வந்துவிடும்.

எனக்கு நேர்மாறாக நடந்தது. பாடசாலைச் சேர் ஒருவர் ஓய்வு பெற்றபோது பேனா வைக்கப் பலாப் பலகையில் பெட்டி செய்தேன், இழுத்துத் திறக்கிற மூடி, ஒரு மயிர் இடைவெளி இல்லை, அதில் எனக்குப் பெரிய பெருமை. விழா அன்று நல்ல மழை, மூடி ஊதிவிட்டது. மேடையில் சேர் இழுக்கிறார், வரவில்லை. அதிபர் இழுக்கிறார், வரவில்லை. கடைசியில் "உள்ளே இருப்பது ரகசியமாகவே இருக்கட்டும்" என்று சேர் சிரித்துச் சமாளித்தார், நான் பின்வாசலால் போய்விட்டேன். தை மாத வெயிலில் தானாகத் திறந்ததாம். இப்போதெல்லாம் மூடிக்கு ஒரு தபாலட்டை கனம் இடம் விட்டே சீவுளி போடுகிறேன்.

மல்லியப்பு அக்கா:
நான் பலகைப் பக்கமே போகவில்லை. தாத்தா தேயிலை ஸ்டோரில் (தோட்டத்துத் தொழிற்சாலையில்) வேலை செய்தவர், அந்தக் காலத்துத் தேயிலைப் பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. இப்போது எல்லாம் காகிதச் சாக்குத்தானே. ஒட்டுப்பலகை, ஓரமெல்லாம் தகரப் பட்டி, உள்ளே அலுமினியத் தாள். ஒட்டுப்பலகையில் ஒரு மரத் தாளுக்கு மறு மரத் தாள் குறுக்கே ஒட்டியிருப்பதால் கொட்டகலைத் தம்பிக்கு வந்த வில்லங்கம் அதில் வராது. அதை அறுத்து அம்மாவுக்கு வெற்றிலைப் பெட்டி செய்தேன். பட்டியைக் கழற்றும்போது தகரம் விரலைக் கிழித்து ஊசி போட வேண்டி வந்தது, அது வேறு கதை. மேலே அச்சடித்திருந்த "பி.ஓ.பி." என்ற தேயிலைத் தர எழுத்தைத் தேய்க்க மனம் வரவில்லை, மூடியின் உள்பக்கமாக வைத்தேன். முப்பது வருடம் கொழுந்து பறித்த அம்மா திறந்து பார்த்துவிட்டு, "இங்கேயும் வந்துட்டியா" என்று அந்த எழுத்தைத் தட்டினார்.

கண்டி ராசா:
நிறத்துக்கு நான் பதங்கி என்கிற சாய மரக் கட்டைத் தூள் ஊறவைத்த தண்ணீர் பூசுவேன். சுண்ணாம்பு சேர்த்தால் நல்ல சிவப்பு, எலுமிச்சை பிழிந்தால் மஞ்சள். செதுக்குச் சிற்பக் கடைகளில் வெளிநாட்டுக்காரர்களுக்குச் செய்து காட்டுவது இதைத்தான். வெயில் படுகிற இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், ஜன்னல் பக்கம் இருந்த என் பெட்டி ஒரு பக்கம் வெளுத்துவிட்டது.

கொட்டகலைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. பாஸ் மகன் அண்ணே, நேற்று அக்காவிடம் பெட்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னேன், மூடியை மாற்றித் தருகிறேன் என்று. தரமாட்டாளாம். நகை எல்லாம் பேங்கில், பெட்டியில் குழந்தையின் கிளினிக் அட்டையும் கரண்ட் பில்லும் இருக்கின்றனவாம். பிளந்த இடத்தில் கல்யாண போட்டோ ஒன்றைச் செருகி வைத்திருக்கிறாளாம்.