16 அங்குல ஆபீஸ் லேப்டாப்: டாக் வழியே 4கே திரை 30 ஹெர்ட்ஸைத் தாண்டவில்லை

அலுவலகத்துக்கு மொத்தமாக வாங்கும் முன் ஒரு மெஷினைச் சோதிக்கிறோம். கட்டுமானம் கெட்டி, மூடியை ஒரு விரலால் தூக்கினாலும் அடிப்பாகம் எழும்பவில்லை. நம்பர்பேட் இருப்பதால் டச்பேட் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. அது பழகிவிடும்.

சிக்கல் இணைப்பில்தான். யூஎஸ்பி-சி டாக்கின் (ஒரே கேபிளில் திரை, மவுஸ், சார்ஜ் எல்லாம் லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) எச்டிஎம்ஐயில் 4கே திரை 30 ஹெர்ட்ஸிலேயே, அதாவது நொடிக்கு 30 முறை படம் புதுப்பிக்கும் வேகத்திலேயே நிற்கிறது, மவுஸ் அம்பு இழுபடுகிறது. அதே எச்டிஎம்ஐ கேபிளை லேப்டாப்பில் நேராகச் செருகினால் 60 வருகிறது. ஆகவே திரையிலோ கேபிளிலோ குறையில்லை. டாக்கில் யூஎஸ்பி 3 டேட்டாவும் ஓடுவதால் டிஸ்ப்ளேபோர்ட் எனும் திரை சிக்னலுக்கு யூஎஸ்பி-சி இணைப்பின் நான்கு லேனில் (டேட்டா பாதைகளில்) இரண்டுதான் மிஞ்சுகிறது என்று சந்தேகம்.

லேப்டாப்பில் தண்டர்போல்ட் 4 (யூஎஸ்பி-சி வடிவிலேயே வரும் வேகமான இணைப்பு) இருக்கிறது. அதற்கேற்ற டாக் போட்டால் இரண்டு 4கே திரையும் 60இல் ஓடுகிறதா? 100 வாட் சார்ஜரோடு வந்த மெஷினுக்கு டாக் தரும் 90 வாட் போதுமா, வேலை ஏறும்போது பேட்டரி இறங்குமா? பயன்படுத்துபவர்கள் டாக் மாடல், கேபிள் நீளத்தோடு சொல்லுங்கள்.